சுவாமிதாஸின் மகனுக்கு ஓணப்புடவை

பகவதிப்பெருமாள் பிள்ளை யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். தாசில் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த காலத்தில், மேலதிகாரி முகாம் வந்தால் மற்றவர்கள் கரமனைப் பாலம் வரைக்கும் போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். இவர் தம்முடைய மேசைக்குப் பின்னால் எழுந்து நிற்பார், அதோடு சரி. அதனால்தான் தாசில்தார் ஆகாமலே பென்ஷன் வாங்கினார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் அதற்காக வருத்தப்பட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. குனியாமல் இருப்பதற்கு விலை உண்டு என்பது அவருக்குத் தெரியும். முணுமுணுக்காமல் கொடுத்தார்.

அப்படிப்பட்டவருடைய ஒரே மகன் வாத்தியார் வேலைக்குப் போகவேண்டி வந்தது.

நிலம் இருந்த காலத்தில் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. நாஞ்சில் நாட்டு வேளாளர்கள் குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கலாம் என்று சட்டம் வந்ததும், மருமக்கள் வழியில் சொத்துக்கு உரிய சகோதரி பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளைக்கு மிஞ்சியது திருவனந்தபுரம் கரமனையில் உள்ள வீடும், பாறசாலைப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பும்தான். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததில் தோப்பும் போயிற்று. அதை வாங்கியவர் தலைமுறையாக அதில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, இருந்த சுவாமிதாஸ்.

சுவாமிதாஸ் மிஷன் கோயிலுக்குப் போகிறவர். ஆனாலும் ஓணம் வந்தால், தோளில் ஒரு நேந்திரன் வாழைக்குலையைச் சுமந்துகொண்டு கரமனைக்கு வந்துவிடுவார். பாட்டக்காரர் நிலத்துக்காரருக்குக் கொண்டுவரும் காழ்ச்சைக்குலை அது. முற்றத்தில் குலையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். பிள்ளை படியில் நின்றபடி ஒரு ஜோடி புடவையை அவர் கையில் விடுவார். ஓணப்புடவை என்றால் அங்கே வேட்டியும் மேல்துண்டும்தான். குலை வாங்கிய வீடு புடவை கொடுக்காமல் இருந்தால், இழுக்கு அந்த வீட்டுக்குத்தான். தோப்பு தம் பெயருக்கே வந்த பிறகும் சுவாமிதாஸ் குலை கொண்டுவருவதை நிறுத்தவில்லை. அவர் இறந்த பிறகு அவர் மனைவி தாசம்மாள் யார் வண்டியிலாவது ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளையும் பாறசாலைக்குப் புடவை அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்த சுவாமிதாஸின் மகன் நேசையன், மெட்ராஸில் எம்.ஏ.யும், எல்.டி. என்கிற வாத்தியார் பயிற்சிப் பட்டமும் முடித்து, திருவனந்தபுரத்தில் வாத்தியார்களைப் பழக்கும் கல்லூரியில் விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். அது பிள்ளைக்குத் தெரியும். அந்தக் கல்லூரிக்கே தம் மகனும் போகவேண்டி வரும் என்பது தெரியாது.

மகன் அழகியநம்பி பி.ஏ. தேறியவன். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக இரண்டு வருஷம் பாடம் நடத்தினான். அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வெறும் பி.ஏ.வை வைத்துக்கொண்டு ஹைஸ்கூலில் நிரந்தரமாக முடியாது, எல்.டி. வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் படித்துத் தேறினால்தான் உண்டு. அதற்கு மேல் போனால் சர்க்கார் உத்தியோகத்துக்கு வயது கடந்துவிடும். கச்சேரியில் குமஸ்தாவாகப் போகலாமே என்று பிள்ளை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “எனக்கு வாத்தியார் வேலைதாம்ப்பா” என்றான் மகன். அதை அவன் சொன்ன விதத்தில் பிள்ளைக்கு ஏதோ தம்முடைய சொந்தப் பிடிவாதம் தெரிந்தது. சரி என்றுவிட்டார்.

கல்லூரியில் பாதிப் பாடம் புத்தகத்தில். மீதி, மாதிரிப் பள்ளிக்கூடத்து வகுப்புகளில் நின்று நடத்திக் காட்டுவது. அதைப் பார்த்து மார்க் போடுகிறவர் நேசையன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அழகியநம்பி சட்டையெல்லாம் சாக்பீஸ் பொடியோடு வந்து சாப்பிட உட்கார்ந்தான். அவன் அம்மா சிவகாமியம்மாள் பரிமாறிக்கொண்டிருந்தாள். பிள்ளை சாய்வு நாற்காலியில் பத்திரிகையோடு இருந்தார்.

“இன்னிக்கு என்ன பாடம் எடுத்தே?” என்று கேட்டார்.

“பூகோளம். மழை எப்படிப் பெய்யுதுன்னு. கூடப் படிக்கிறவங்க எல்லாரும் பின்னால நின்னு பார்த்தாங்க. முடிஞ்ச பிறகு ஒவ்வொருத்தரா எழுந்து குறை சொல்லணும். அதுக்குப் பேரே கிரிட்டிசிசம் லெசன்.”

“குறை சொன்னாங்களா?”

“வயிறு நிறையச் சொன்னாங்க.” அவன் சிரித்தான். “நான் போர்டு கிட்டயே பேசிக்கிட்டு நின்னேனாம். ஒரு கோட்டயத்துக்காரன் சொல்லுதான், மேகம் திரளுறதுக்கு முன்னாலயே கிளாஸ் உறங்கிப் போச்சு சாரே, மழை பெஞ்சது யாருக்கும் தெரியாதுன்னு.”

சிவகாமியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டுப் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்து வரிசையாகக் குறை சொல்வதும் ஒரு படிப்பா என்று இருந்தது அவருக்கு.

“நேசையன் என்ன சொன்னான்?”

“நேசையன் சார்” என்று திருத்திவிட்டுத்தான் மகன் பதில் சொன்னான். “அவர் சொன்னதுதான் சரி. முன் பெஞ்சுக்கு மட்டும்தான் பாடம் நடத்துதீர், கடைசி பெஞ்சு பக்கம் உம்ம கண்ணு ஒரு தடவைகூடப் போகல்ல, அங்கேயும் ஆள் இருக்குன்னு நினைச்சுப் பழகல்லன்னு சொன்னார். மாத்திக்கிடணும்.”

“பழகல்லன்னா?”

“அவ்வளவுதாம்ப்பா. நல்லதுக்குத்தான்.”

பத்திரிகையை மடித்து வைத்தார் பிள்ளை. “சுவாமிதாஸுக்க மகன் உனக்குப் பழக்கம் சொல்லித் தாறானோ?”

“அதுக்குத்தானே அவருக்குச் சம்பளம் கொடுக்காங்க” என்றாள் சிவகாமியம்மாள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

“ஏட்டி, உன்னைக் கேட்டேனா?”

மகன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். ஆனால் ‘பழகல்ல’ என்ற அந்த ஒரு வார்த்தை பிள்ளையின் நெஞ்சில் ஒரு ஓரமாகத் தங்கிவிட்டது. கடைசி பெஞ்சில் ஆள் இருப்பதை இந்த வீட்டார் பார்ப்பதில்லை என்று சொல்லிக் காட்டுகிறானா? யாருடைய தோப்பில் விளைந்த தேங்காயை விற்று இவன் மெட்ராஸுக்குப் போனான்?

ஓணம் வந்தது. ஐரோப்பாவில் யுத்தம் வரப்போகிறது என்று சாலைக் கடைத்தெருவில் பேச்சு நடந்த வருஷம் அது. வழக்கம்போலத் தாசம்மாளின் குலை ஒரு வைக்கோல் வண்டியில் வந்து இறங்கியது. பதிலுக்கு அனுப்பவேண்டிய புடவையை, பாறசாலைக்கு அனுப்பாமல் நேசையனுக்கே அனுப்புவது என்று பிள்ளை தீர்மானித்தார்.

அதில் தவறு என்ன? சுவாமிதாஸ் இல்லை என்றால் அவர் இடத்தில் மகன். குலை அந்த வீட்டிலிருந்து வந்தது, புடவை அந்த வீட்டுக்குப் போகிறது. தம் மகனுக்காக ஒரு சொல்லும் கேட்கப் போவதில்லை. கேட்பது வேறு, இன்னாருடைய வீட்டுப் பிள்ளை உன் முன்னால் நிற்கிறான் என்று தெரியப்படுத்துவது வேறு. இப்படித்தான் அவர் தமக்குள் சொல்லிக்கொண்டார். மேலும் இந்தத் தடவை புடவையைச் சும்மா கையில் விடுவதாக இல்லை; வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து அனுப்புவதாக இருந்தார். பாட்டக்காரர் வீட்டுக்குத் தட்டு போனதே கிடையாது. எம்.ஏ. படித்தவன் என்பதற்காக அவர் தாமாக இறங்கிவந்து செய்த மரியாதை அது. அவன் குளிர்ந்து போவான் என்று உண்மையாகவே நம்பினார்.

பழவங்காடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாணுமாலயன் அவருடைய அக்காள் மகன். தட்டைக் கொண்டுபோக அவனைக் கூப்பிட்டார்.

“பாளையத்துப் பக்கம் எங்கயோ அவருக்கு வீடுன்னு கேட்டேன் மாமா” என்றான் தாணுமாலயன்.

“வீட்டுக்கு எதுக்கு? காலேஜிலேயே கொடு. பகல் வெளிச்சத்திலே கொடு. நாம என்ன ஒளிச்சா கொடுக்கோம்?”

தாணுமாலயன் கழுத்தைச் சொறிந்தான். “நம்பிக்குப் பிராக்டிகல் வருதே, அந்த நேரத்தில போயி… வேற மாதிரி நினைச்சிரப்போறாங்க.”

“நினைக்க என்னடா இருக்கு? நம்பிக்க பேரை நீ எடுக்காண்டாம். கரமனைப் பிள்ளை வீட்டு ஓணப்புடவைன்னு சொல்லு. சொல்லிட்டு வந்துரு. கடையிலே பத்து முழத் துணிக்கு அரை மணி நேரம் பேசுவியே, அதை அங்கே வச்சுக்கிடாதே.”

அவன் போய்விட்டு வந்தபோது முகம் நன்றாக இல்லை.

“கொடுத்தியா?”

“கொடுத்தேன் மாமா. வாத்தியாமாரெல்லாம் ஒரே அறையில இருந்தாங்க. நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். அவரு எழுந்து நின்னாரு. ஒண்ணும் பேசல்ல. பக்கத்து நாற்காலிக்காரரு ஒருத்தர், வடக்கத்தி ஆளு போல, ‘கரமனை நம்பிக்க வீடல்லே? பிராக்டிகல் பக்கத்தில வந்தாச்சு, கேட்டோ’ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“பேசாதேன்னு சொன்னீங்களே. வந்துட்டேன்.”

“அவன் வாங்கினானா இல்லையா?”

“புடவையை எடுத்து மேசை மேல வச்சாரு. வெற்றிலையைத் தொடல்ல. தட்டை என் கையில கொடுத்துட்டாரு.”

வாங்கிவிட்டான் என்பதே பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது.

நேசையன் அந்த அறையில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் சிரிப்பு அடங்கியிருக்கும். ‘என் அப்பா இவர்கள் நிலத்தில் பாட்டக்காரர். இது எங்களுக்கு வருஷாவருஷம் வருகிற துணி’ என்று சொல்லவேண்டும். அதை அவர் சொல்லவில்லை. பரீட்சைக்கு இருக்கிறவன் வீட்டிலிருந்து பரிசு வந்தால் தெரிவிக்கவேண்டும் என்று கல்லூரியில் விதி இருந்தது. அந்த விதிப்படி, இன்னார் வீட்டிலிருந்து ஒரு ஜோடி புடவை வந்தது என்று மட்டும் பிரின்சிபாலுக்கு எழுதிப் புடவையையும் அங்கேயே ஒப்படைத்தார். ஒரு எச்சரிக்கையோடு போய்விடும் என்று நினைத்தார் போலும். பிரின்சிபால் அப்படி நினைக்கவில்லை. தகப்பனும் மகனும் நேரில் வந்து சமாதானம் சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அன்று அழகியநம்பி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நடையிலேயே நின்றான்.

“என்னப்பா செய்தீங்க?”

“கொடுக்கவேண்டியதைக் கொடுத்தேன்.”

“அங்கே கைக்கூலின்னு பேரு அதுக்கு.”

“யார் சொன்னது?”

“எல்லாரும்.” அவன் குரலை அடக்கிக்கொண்டான். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல்ல. நான் சாரைப் பார்த்துப் பேசினேன். காலேஜ் விதி தெரியாம அனுப்பிட்டேன், மன்னிக்கணும்னு பிரின்சிபால் கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அதோட முடிஞ்சிரும். பாட்டம், குலை, அது இதுன்னு மட்டும் பேச்செடுக்காண்டாம். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவங்க, அவர்கிட்டப் படிக்கிறவங்க, அத்தனை பேரும் அங்கே உண்டு.”

“உள்ளதைச் சொன்னா அவனுக்கு என்ன?”

“அப்பா. இந்த ஒரு வருஷம் போச்சுன்னா எனக்கு வேற வருஷம் கிடையாது.”

பிள்ளை பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டான் மகன். பிள்ளையும் அப்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். மகனுக்காக ஒரு வார்த்தை. அதுவும் தெரியாமல் செய்தேன் என்கிற வார்த்தை. வழியெல்லாம் ஜட்கா வண்டியில் அந்த வாக்கியத்தை நாக்கில் உருட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

பிரின்சிபால் கோட்டயத்துப் பக்கத்து மனிதர். மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். மேசையில் அந்தப் புடவை, வந்த மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு பக்கம் குமஸ்தா எழுதத் தயாராக இருந்தார். சன்னலோரம் இரண்டு ஆசிரியர்கள். நேசையன் அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். தகப்பனைப் போலவே நெடிய உருவம். கோட்டும் தலைப்பாகையும் போட்டிருந்தார். அழகியநம்பி கதவருகில் நின்றான்.

“பிள்ளை சாரே, நீங்க சர்க்கார் சர்வீஸில் இருந்த ஆள். உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மகனுக்குப் பரீட்சை. மார்க் போடுகிற ஆளுக்குப் புடவை. இதுக்கு நான் என்ன பேர் எழுதட்டும்? கைக்கூலி என்றுதானே எழுதணும்?”

அந்த வார்த்தையைத் தாசில் கச்சேரியில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. கைநீட்டியவர்கள் எத்தனையோ பேர் அவர் கண்முன்னால் மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். அவர் வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. நாக்கில் வைத்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது.

“எங்க வீட்டுக்குக் கைக்கூலி கொடுத்துப் பழக்கமில்லை” என்றார். “வேண்டப்பட்டது நடக்கணும்னு கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்குக் கொடுக்கிறது கைக்கூலி. இது அப்படியில்லை. நிக்கிறாரே இவரு, இவருக்க அப்பா சுவாமிதாஸ் எங்க தோப்பிலே பாட்டக்காரன். ஓணத்துக்குக் குலை சுமந்துகொண்டு வருவான். முற்றத்திலே நின்னு புடவை வாங்கிக்கிட்டுப் போவான். இந்த வருஷமும் குலை வந்தது, புடவை போச்சு. எங்க குடியானுக்கு நாங்க கொடுக்கிறதை எதுன்னு எழுதணுமோ எழுதிக்கிடும்.”

குமஸ்தாவின் பேனா நின்றது. சன்னலோரம் நின்றவர்கள் இருவரும் நேசையனைப் பார்த்தார்கள். பார்க்கக் கூடாது என்று உடனே வெளியே திரும்பிக்கொண்டார்கள். நேசையன் தரையைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறப்பதற்குள், கதவருகிலிருந்து அழகியநம்பி பேசினான்.

“சார், அப்பா சொல்லுறது உண்மையில்ல.”

பிள்ளை திரும்பிப் பார்த்தார். மகன் அவரைப் பார்க்கவில்லை. புடவையைப் பார்த்துப் பேசினான்.

“எனக்குப் பிராக்டிகல் பயம். கிரிட்டிசிசம் லெசன் மோசமாப் போச்சு. அதனால நான்தான் அனுப்பச் சொன்னேன். கைக்கூலிதான். பாட்டம், குடியான் எல்லாம் அப்பா என்னைக் காப்பாத்தறதுக்காக இட்டுக்கட்டிச் சொல்லுற கதை.”

“நம்பி” என்றார் நேசையன்.

“அவ்வளவுதான் சார்.”

பிரின்சிபால் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் எதிரில் நிற்கும்போது வேறு எதை விசாரிப்பது? நம்பியைக் கல்லூரியிலிருந்து நிறுத்தி வைப்பதாக எழுதச் சொன்னார். நேசையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், பேசவில்லை. பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தார். கைக்கூலி கொடுத்தவர் என்பது ஒன்று. அதை மறைக்க ஒரு பொய் சொன்னவர் என்பது இன்னொன்று. இரண்டையும் பெற்ற பிள்ளையே அவர் தலையில் வைத்துவிட்டான். அதுவும் சுவாமிதாஸின் மகன் தலை குனியாமல் இருப்பதற்காக.

வீடு திரும்பும் வழியில், சாலை முக்கில் பிள்ளை கேட்டார்:

“உன்னைப் பெத்தவனைப் பொய்யனாக்க உனக்கு எப்படி வாய் வந்தது?”

“நீங்க பேசினது உண்மைதானே அப்பா” என்றான் மகன். “அதனாலதான்.”

 

இரண்டு நாளில் சேதி அவர்கள் இருந்த ஆற்றங்கரைத் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து, காலம் அப்படியிருக்கு, எல்லாரும் செய்கிறதுதானே என்று ஆறுதல் சொன்னார். பிள்ளைக்கு அந்த ஆறுதல்தான் சகிக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் நேசையன் வீட்டுக்கு வந்தார். சிவகாமியம்மாள் கதவைத் திறந்து, யாரென்று தெரிந்ததும் “உள்ளே வாங்க” என்றாள். அவர் தயங்காமல் படியேறிக் கூடத்துக்கு வந்தார். சுவாமிதாஸ் ஒருநாளும் ஏறாத படி. பிள்ளை சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இரியும்” என்றார்.

“இருக்கட்டும் பிள்ளை சார். எனக்கு கிளாஸ் இருக்கு.” நின்றபடியே பேசினார் நேசையன். “அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல்ல. என் மானத்துக்காக அந்தப் பையன் தன் படிப்பைக் கொடுத்தான்; நான் வாங்கிக்கிட்டு நின்னேன். வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கல்ல.”

பிள்ளை பார்வையைப் படி பக்கம் திருப்பினார்.

“நேத்திக்கு பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்துட்டேன். எங்க அப்பா உங்க பாட்டக்காரர், நீங்க சொன்னது சத்தியம், நான் அப்பவே சொல்லாதது என் தப்புன்னு. அறையிலே எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. இனி அதிலே எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல. வழக்கம்னு எடுத்துக்கிட்டு நம்பியைத் திரும்பச் சேர்க்க பிரின்சிபால் சம்மதிக்கிறார். ஆனா பரீட்சை நேரத்திலே காலேஜுக்கு அனுப்பினது தப்பு, தெரியாமச் செய்தது, வருந்துகிறேன்னு அனுப்பினவர் ரெண்டு வரி எழுதித் தரணும்கிறார். அது இல்லாம ஃபைலை மூட முடியாதாம். நாளைக்குள்ளே வேணும். அதுக்கு மேலே டைரக்டர் ஆபீஸுக்குப் போயிரும்.”

“தெரியாமச் செய்தேன்னு?”

“ஆமா.”

“நான் தெரிஞ்சுதான் செய்தேன்.”

“அது எனக்குத் தெரியும்” என்றார் நேசையன். “காலேஜுக்கு ஏன் அனுப்பினீங்க, எங்க அம்மைக்கு ஏன் அனுப்பல்லன்னு யோசிச்சா புரியாதா? அது தெரிஞ்சுதான் இங்கே வந்து நிக்கிறேன்.”

பிள்ளையின் காது சிவந்தது. “உமக்கு எதுக்கு இவ்வளவு பாடு?”

“நம்பி நல்லா பாடம் நடத்துவான். இத்தனை வருஷத்திலே அந்த மாதிரி நாலு பேரைப் பார்த்திருந்தா அதிகம்.” துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். “ரெண்டு வரிதான் பிள்ளை சார்.”

அவர் போன பிறகு சிவகாமியம்மாள் மசிக்கூட்டையும் காகிதத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அழகியநம்பி பின்கட்டில் இருந்தான், எல்லாவற்றையும் கேட்டிருப்பான். அவனும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எழுதியிருப்பார். ஆனால் அவனும் அவருடைய மகன்தானே, கேட்கத் தெரியாதவன்.

பிள்ளை தேதி போட்டார். கல்லூரியின் விலாசம் எழுதினார். அவருடைய கையெழுத்து கச்சேரியில் பேர்போனது. அச்சு மாதிரி இருக்கும். விலாசம் அழகாக விழுந்தது. அடுத்த வரியில் பேனா நின்றது. சுவாமிதாஸின் மகன் படியேறி வந்து, தன்னுடைய பங்கு மானத்தைக் கொடுத்துவிட்டேன், இனி உன் பங்கைக் கொடு என்கிறான். கொடுத்தால் இரண்டும் சமமாகிவிடும். அங்கேதான் அவருக்கு இடித்தது. மகன் கண் முன்னால் வந்தான். அவன் பாடம் நடத்துவதை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. இருந்தும் கை நகரவில்லை.

மத்தியானம் சிவகாமியம்மாள் எட்டிப் பார்த்தாள். சாயங்காலமும் பார்த்தாள். மறுநாள் கெடு முடியும் நேரத்தில், அந்தக் காகிதத்தை எடுத்து விலாசத்தை ஒருமுறை படித்துவிட்டு, அடுப்பில் போட்டாள்.

“உங்க பேரு கெடாம இருக்கட்டும்” என்றாள்.

கல்லூரியிலிருந்து நீக்கிய உத்தரவு வந்ததும் அழகியநம்பி போனக்காட்டுக்குப் புறப்பட்டான். அங்கே தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கூடப் படித்தவன் ஒருவன் சொல்லியிருந்தான். அங்கே எல்.டி. கேட்பவர் கிடையாது. பி.ஏ.வே அதிகம்.

தகர டிரங்குப் பெட்டியை நடையில் வைத்துவிட்டு அம்மாவை விழுந்து கும்பிட்டான். பிறகு அப்பாவையும், முறை ஒன்றும் குறையாமல்.

“அங்கே குளிர் ஜாஸ்தின்னு கேட்டேன்” என்றார் பிள்ளை.

“இருக்கும்” என்றான் அவன்.

அட்டை கடிக்குமே, செருப்பு போதுமா என்று அம்மா கேட்டதற்குச் சிரித்துப் பதில் சொன்னான். தாணுமாலயன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கூடப் போனான். பிள்ளை எழுந்து நின்றார், படியிறங்கவில்லை.

அந்த வருஷம் போய் அடுத்த வருஷமும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்க நின்றுகொண்டிருந்தபோது, “சிரஸ்தார் சாரல்லவா?” என்று ஒரு குரல் கேட்டது. பழைய நாளில் கூட வேலை பார்த்தவர். இப்போது தென்காசிப் பக்கத்தில் மகளோடு இருப்பவர். ஊர்ச் சேதி ஒன்றும் அவருக்கு எட்டியிருக்கவில்லை.

“பையன் எல்.டி.க்குச் சேர்ந்திருக்கான்னு எழுதியிருந்தீரே. முடிச்சாச்சா?”

“முடிச்சாச்சு” என்றார் பிள்ளை.

“எங்கே வேலை?”

“போனக்காட்டிலே.”

“அங்கே ஹைஸ்கூல் உண்டா என்ன? மலையல்லவா அது?”

“உண்டு. துரைமார் கட்டினது. நல்ல கட்டடம்.” தேங்காயை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். “சர்க்காரிலேயும் கூப்பிட்டாங்க. இவன்தான் மலைக் காற்று பிடிக்கும்னு அங்கே போயிட்டான்.”

“ஹெட்மாஸ்டர் யாரு? வெள்ளைக்காரனா?”

“இல்ல. நம்ம பையன்தான்.”

நண்பர் வாயைப் பிளந்தார். பிள்ளையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “இத்தனை சின்ன வயசிலே ஹெட்மாஸ்டர். ஆச்சரியப்பட என்ன இருக்கு? உம்ம பிள்ளையல்லவா, வேற எப்படி இருக்கும்?”

பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். பிள்ளை கையை விடுவித்துக்கொண்டு, தேங்காயை ஓங்கி எறிந்தார்.